ஆழ்கடல் தூண்டிலுக்கு சார்ட்டர் படகு: எதைப் பார்த்து எடுப்பது?

வெள்ளாப்பு:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர் ஒரு சார்ட்டர் படகு, அதாவது கேப்டனோடு வாடகைக்கு வரும் படகு, எடுத்து ஆழ்கடலில் தூண்டில் போடலாம் என்று இருக்கிறோம். கரையிலும் கழிமுகத்திலும் நிறையப் போட்டிருக்கிறோம், ஆனால் கரை கண்ணில் படாத தூரத்துக்கு யாரும் போனதில்லை. நால்வரில் இரண்டு பேருக்குப் படகில் ஏறினாலே தலை சுற்றும். இப்போது இரண்டு படகுகள் கைவசம் வந்திருக்கின்றன. ஒன்று 15 மீட்டர், உள்ளே இரண்டு டீசல் எஞ்சின், அறை, கழிப்பறை, பின்பக்கம் பெரிய மீனோடு மல்லுக்கட்ட நாற்காலி. இன்னொன்று 9 மீட்டர், நடுவில் சுக்கான், பின்னால் இரண்டு அவுட்போர்டு எஞ்சின், மூடாத படகு, நல்ல வேகம். பெரியதை அரை நாள் எடுக்கிற காசில் சிறியதை முழு நாள் எடுத்துவிடலாம். சூரை கிடைத்தால் சந்தோஷம், நீண்ட அலகுள்ள மயில்மீனையோ மார்லினையோ ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. இரண்டு படகுக்காரர்களும் அனுப்பிய படங்களில் பெரிய பெரிய மீன்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பழைய சுக்கான்:
தம்பி, படகின் நீளத்தை அப்புறம் பார்ப்போம். நான் சார்ட்டர் படகுகளில் மேட்டாக, அதாவது கேப்டனின் உதவியாளாக, வேலை பார்த்தவன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன். நீங்கள் காசு கொடுப்பது படகுக்கு இல்லை, மீன் இருக்கிற தண்ணீரில் தூண்டில் நரம்பு கிடக்கிற நேரத்துக்கு. அதைக் கணக்குப் போட ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: கண்டத்திட்டு முடிந்து கடல் சடாரென்று ஆழமாகும் விளிம்பு உங்கள் துறையிலிருந்து எவ்வளவு தூரம்? பெரும்பாலும் 100 முதல் 200 மீட்டர் ஆழத்தில்தான் அந்த விளிம்பு இருக்கும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே தள்ளப்பட்டு, சின்ன மீன் கூடி, அதைத் தேடி சூரையும் மயில்மீனும் மார்லினும் வருகிற இடம் அது.

விளிம்பு 60 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். 20 நாட் வேகம் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். போக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், வர அதே அளவு. ஆறு மணி நேர அரை நாள் பயணத்தில் தூண்டிலுக்கு மிஞ்சுவது இரண்டே முக்கால் மணி நேரம், அதிலும் லூர்களை, அதாவது செயற்கை இரைகளை, விரிப்பதற்கும் சுருட்டுவதற்கும் கொஞ்சம் போகும். எரிமலைத் தீவு மாதிரி சில இடங்களில் கரையை விட்டு நாலைந்து கிலோமீட்டரிலேயே கடல் விழுந்துவிடும், அங்கே அரை நாள் தாராளம். ஆகவே ‘நேரம் எங்கிருந்து எங்கே வரை எண்ணப்படுகிறது, எத்தனை மணிக்கு முதல் லூர் தண்ணீரில் இறங்கும்’ என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவர் யார், மழுப்புகிறவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நெடுநரம்பு:
அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் சிறிய படகுதான் என் ஓட்டு. 30 நாட்டில் ஓடும், அந்த 60 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே முடித்துவிடும். முழு நாளும் கிடைக்கிறது. இன்னொரு வசதி, சுற்றி வர இடம் உண்டு. மீன் அணியத்து, அதாவது படகின் முன்முனைப், பக்கம் ஓடினால் ராடைப் பிடித்துக்கொண்டே அதன் பின்னால் போகலாம், கேப்டனும் படகின் முகத்தைத் திருப்பி மீனைத் துரத்துவார். மேலே பறவைகள் வட்டமிட்டுக் கீழே சூரைக் கூட்டம் கொதித்தால், சட்டென்று போய் பாப்பர் (நீர்மேல் தெறிக்கும் செயற்கை இரை) வீச இந்தப் படகுதான் சரி. பெரிய படகில் எல்லாமே பின்பக்கம், அமரத்தில், நாற்காலியைச் சுற்றியே நடக்கும்.

பழைய சுக்கான்:
தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிற நாளில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நெடுநரம்பு. காற்று கொஞ்சம் ஏறினால் அந்த 30 நாட் 15 ஆகிவிடும், பெரிய படகு தன் எடையால் அதே 20-ல் போய்க்கொண்டிருக்கும். அதோடு திறந்த படகில் நாள் முழுக்க வெயிலும் உப்புத் தெறிப்பும். தலை சுற்றுகிற இரண்டு பேரை எட்டு மணி நேரம் அப்படி வைத்திருந்தால் அவர்களுக்கு அது மீன்பிடி இல்லை, தண்டனை.

செவ்வந்தி:
தலைசுற்றலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டுக்காரருக்கு இது பெரிய தொந்தரவு, ஆனாலும் தவறாமல் கூட வருவார். மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு, அதுவும் குமட்ட ஆரம்பித்த பிறகு போடுவதில் பெரிய பயன் இல்லை. வயிறு அப்போது அதை உள்வாங்காது. மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் மாதிரி மாத்திரை என்றால் முந்தின இரவு ஒன்று, காலையில் கிளம்பும் முன் ஒன்று என்று பலர் எடுக்கிறார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் பட்டை நான்கு மணி நேரமாவது முன்பே ஒட்டப்பட வேண்டும். கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது, அதனால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். எந்த மருந்தாக இருந்தாலும் கரையில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அப்படியே தூக்கம் தள்ளும்.

படகில் ஏறிய பிறகு அறைக்குள் போய்ப் படுப்பதுதான் பலர் முதலில் செய்வது. அதைச் செய்யாதீர்கள். நடுப்பகுதிக்கும் அமரத்துக்கும் இடையே, தாழ்வான இடத்தில், தொடுவானத்தைப் பார்த்து உட்காருங்கள். போனைப் பார்க்காதீர்கள். டீசல் படகு மெதுவாக டிரோலிங் போகும்போது, அதாவது லூர்களைப் பின்னால் இழுத்தபடி ஓடும்போது, பின்காற்று அடித்தால் புகை முழுக்க டெக்குக்கு வரும், அந்த வாடைதான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது. அப்போது கேப்டனிடம் சொன்னால் போகும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுவார். சொல்லக் கூச்சப்படவே வேண்டாம்.

வெள்ளாப்பு:
இவ்வளவு விவரமா! ரொம்ப நன்றி. விளிம்பு எங்கள் துறையிலிருந்து கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன தூரம்தான், கடல் வரைபடத்தில் பார்த்துவிட்டேன். அப்படியானால் அரை நாள் என்பதே வீண் என்று படுகிறது. இன்னொரு சந்தேகம். ஒரு படகுக்காரர் ‘நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், மேட் முள்ளை மாட்டி மீன் சிக்கியதும் ராடை உங்கள் கையில் கொடுப்பார்’ என்கிறார். இது நல்லதா கெட்டதா?

முள்முனை:
என்னைக் கேட்டால் அது உங்கள் மீனே இல்லை. 1939-ல் தொடங்கிய சர்வதேச கேம் ஃபிஷ் அசோசியேஷன், ஐஜிஎஃப்ஏ என்பார்களே, அதன் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது. மீன் கடித்த நொடியிலிருந்து ராடையும் ரீலையும் நரம்பையும் தூண்டில்காரர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. ராட் தாங்கியில் இருந்தால் நீங்களே அதை உருவி எடுக்க வேண்டும். வேறொருவர் எடுத்துக் கையில் கொடுத்தாலே அந்த மீன் பதிவுக்குச் செல்லாது. கடைசியில் லீடரை, அதாவது முள்ளை ஒட்டிய தடித்த நரம்பை, பிடிக்கவும் மீனைத் தூக்கும் கேஃப் கொக்கி போடவும் மட்டும்தான் மேட் கை வைக்கலாம். ஆல்ஃப்ரட் கிளாசெல் 1953-ல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் பிடித்த 707 கிலோ கருப்பு மார்லின் இன்றும் அந்த இனத்தின் உலகச் சாதனை. அதுவும் இப்படி ஒரே ஆளின் கையில் வந்த மீன்தான். நீங்கள் சாதனைக்குப் போகவில்லை, சரி. ஆனால் லூருக்குப் பின்னால் மயில்மீன் முதுகுத் துடுப்பை விரித்து, உடம்பெல்லாம் ஊதாவாக ஒளிர்ந்து, அலகால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரு நொடி மறையும் பாருங்கள், அந்த ஒரு நொடியில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை இன்னொருவர் செய்து முடித்த பிறகு ராடை வாங்கி ரீலைச் சுற்றுவதற்கு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

பழைய சுக்கான்:
முள்முனை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முதல் தடவை வருகிறவர்களிடம் இப்படிக் கண்டிப்பாக இருந்தால் பாதி மீன் போய்விடும். முதல் மீனை மேட் மாட்டிக் காட்டட்டும், பிறகு உங்கள் முறை. அதைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யார் எந்த வரிசையில் ராட் எடுப்பது, யார் மாட்டுவது என்று. மீன் கடித்த பிறகு நான்கு பேர் ஒரே ராடுக்கு ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரீல் அலற ஆரம்பித்ததும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் உடனே எஞ்சினைக் குறைக்க மாட்டார், சற்று முன்னே ஓட்டி நரம்பை இறுக்கமாக வைப்பார். உங்கள் வேலை அவசரப்படாமல் இருப்பது. மற்ற மூன்று பேரும் மீதி ராடுகளைச் சுற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நரம்பெல்லாம் பின்னிவிடும். டிராக்கை, அதாவது ரீலின் இழுவைத் தடையை, வழக்கமாக நரம்பின் அறுபடும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்திருப்பார்கள். 37 கிலோ நரம்பென்றால் 9 முதல் 12 கிலோ இழுப்பு. மீன் ஓடும்போது அந்த டிராக்கைத் தொடாதீர்கள், சுற்றவும் சுற்றாதீர்கள். ஸ்பின்னிங் ரீலில் டிராக் போய்க்கொண்டிருக்கும்போது சுற்றினால் நரம்பு முறுக்கேறி நாசமாகும். ஓட்டம் நின்றதும் ராடை இடுப்பிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள், இறக்கும்போது மட்டும் சுற்றுங்கள். கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவீர்கள், காலும் முதுகும் வேலை செய்ய வேண்டும். சூரை கடைசியில் படகுக்கு நேர் கீழே வட்டம் போடும். அங்கேதான் ஆட்கள் தளர்ந்து போவார்கள். வட்டத்தில் உங்களை நோக்கி வருகிற பாதியில் சுற்றி வாங்குங்கள், விலகுகிற பாதியில் பிடித்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள்.

இன்னொன்று, டெக்கில் கிடக்கிற நரம்பு வளையத்துக்குள் காலை வைக்காதீர்கள். லீடரை யாரும் ஆர்வத்தில் கையில் பிடிக்காதீர்கள், அது மேட் வேலை. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒரே உதறலில் விட்டுவிட முடிகிற மாதிரி சுற்றிப் பிடிப்பார். அதைத் தெரியாமல் கையில் சுற்றினால் மீன் திரும்பும்போது ஆளையே கடலுக்குள் கொண்டுபோய்விடும்.

உப்புக்காற்று:
யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் காணோம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். படகின் பெயரோ ஆளின் பெயரோ வேண்டாம். காலையிலேயே காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப்பக்கம். வானிலை அறிக்கையில் அலை உயரம் 1.5 மீட்டர்தான் போட்டிருந்தது. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, போகலாம்’ என்று அந்தக் கேப்டன் கிளம்பினார். அலை உயரம் மட்டும் கணக்கில்லை, ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் எத்தனை நொடி இடைவெளி என்பதுதான் கணக்கு. 12 நொடி இடைவெளியில் 1.5 மீட்டர் வந்தால் படகு ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். 5 நொடியில் அதே உயரம் வந்தால் சுவரில் மோதுகிற மாதிரி. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருந்தால் அலை செங்குத்தாகி அப்படித்தான் ஆகும். போதாததற்கு அந்தப் படகில் உயிர்க்கவசங்கள் அணியத்தில் ஒரு பெட்டிக்குள், மேலே கயிறும் வாளியும் அடுக்கிக் கிடந்தன. நல்லபடியாகத் திரும்பினோம், ஆனால் அப்படி ஒரு நாளை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன்.

படகில் ஏறும் முன்பே கேளுங்கள்: கேப்டனின் உரிமம், பயணிகளை ஏற்றப் படகுக்கு உள்ள அனுமதி, எத்தனை பேர் வரை, காப்பீடு. ஆளுக்கொரு உயிர்க்கவசம் எங்கே இருக்கிறது என்று கையால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கரையோடும் மற்ற படகுகளோடும் பேசும் விஹெச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா? அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல் எது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், கேப்டனுக்கே ஏதாவது ஆனால் யார் பேசுவது? 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிகாட்டி, ஈபிர்ப் என்பது, இருக்கிறதா? கரை மறைந்த பிறகு கைப்பேசியை நம்பி எதுவும் நடக்காது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பது பழைய வழக்கம், அதை மதிக்கிறவரா என்று பாருங்கள். இரண்டு எஞ்சின் இருப்பதும் ஒன்று பழுதானால் மற்றதை வைத்துத் திரும்பத்தான்.

நெடுநரம்பு:
உப்புக்காற்று சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வேகம் வேகம் என்று நான் எழுதியது நல்ல கடலுக்கு மட்டும். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த கேப்டன்தான் முதல் தகுதி. அதனால் முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்குங்கள்: வானிலையால் கேப்டன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பவா, இல்லை வேறு நாளா? பாதியில் எஞ்சின் கோளாறால் திரும்பினால்? இதில் தெளிவு இருந்தால் கேப்டனுக்கும் பணத்துக்காகக் கிளம்ப வேண்டிய நெருக்கடி இருக்காது.

செவ்வந்தி:
நான் கேட்கச் சொல்வது இன்னும் ஒன்று. பிடித்த மீன் யாருக்கு? சில படகுகளில் மீன் படகுக்குச் சொந்தம், சிலவற்றில் உங்களுக்கு, சிலவற்றில் பாதி. இறங்கின பிறகு துறையில் நின்று சண்டை போடுவதை விட முன்பே கேட்பது நல்லது. ஐஸ் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். சூரை போராடும்போதே உடம்பு சூடேறும். உடனே இரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் போடவில்லையென்றால் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். மஹி மஹி என்ற மீனும் அப்படித்தான். அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது.

முள்முனை:
மீனைக் கொண்டு வருவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சூரை, மஹி மஹி, வஞ்சிரம் என்று சாப்பிடத் தேவையான அளவு எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மயில்மீனையும் மார்லினையும் விட்டுவிடுங்கள். விடுவதென்றால் படம் எடுக்கப் படகுக்குள் தூக்கி மடியில் போட்டுவிட்டு அப்புறம் தண்ணீரில் தள்ளுவது விடுவது ஆகாது. அது நீந்திப் போவதைப் பார்த்துக் கைதட்டுவோம், கீழே போய்ச் செத்துப்போகும். படகு மெதுவாக முன்னே போக, அலகைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் வைத்துச் செவுளில் நீர் ஓட விட்டு, அது தானே உதறும்போது விட வேண்டும். படம் தண்ணீரில் இருக்கும்போதே அழகாக வரும்.

இரைமீன் போட்டுப் பிடிப்பதென்றால் சர்க்கிள் முள், அதாவது முனை உள்நோக்கி வளைந்த முள், கேளுங்கள். வெள்ளை மார்லின்களுக்குச் செயற்கைக்கோள் பட்டை கட்டி விட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2005-ல் வந்தது. சாதாரண ஜே வடிவ முள்ளில் பிடித்து விட்டவற்றில் 35 சதவீதம் செத்தன, சர்க்கிள் முள்ளில் சிக்கியவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. காரணம் எளிது, ஜே முள் வயிற்றுக்குள் போய்க் குத்தும், சர்க்கிள் முள் வாயின் ஓரத்தில் வந்து மாட்டும். ஆனால் அதற்கு ராடைச் சட்டென்று வெட்டி இழுக்கக் கூடாது. மீன் இரையோடு ஓட விட்டு, டிராக்கை மெல்ல ஏற்றினால் தானே மாட்டிக்கொள்ளும். கரையில் வெட்டி வெட்டிப் பழகிய கை சும்மா இருக்காது, அதைத்தான் அடக்க வேண்டும்.

பழைய சுக்கான்:
இதில் முள்முனை பக்கம்தான் நான். முன்பெல்லாம் துறையில் மார்லினைத் தலைகீழாகத் தொங்கவிட்டால்தான் அடுத்த வாரத்துக்கு ஆள் வருவார்கள் என்ற நிலை இருந்தது. இன்று நல்ல கேப்டன்கள் எத்தனை விட்டோம் என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். வெள்ளாப்பு, உங்களுக்கு வந்த படங்களை அந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். எந்த வருடத்துப் படம், எந்த மாதம் என்றும் கேளுங்கள். சென்ற வாரம் என்ன கிடைத்தது என்று கேட்டால், ‘இரண்டு நாள் ஒன்றுமே இல்லை, மூன்றாம் நாள் சூரை’ என்று சொல்கிற ஆள்தான் உண்மை பேசுகிறார்.

வெள்ளாப்பு:
இரண்டு பேரிடமும் பேசிவிட்டேன். சிறிய படகுக்காரர் நல்ல மனிதர், நேரடியாகவே சொன்னார்: ‘தலை சுற்றுகிறவர்கள் இருந்தால் என் படகு வேண்டாம், கடல் அமைதியான மாதத்தில் வாருங்கள்’. பெரிய படகுக் கேப்டன் நேரக் கணக்கைத் தெளிவாகச் சொன்னார், முதல் லூர் எப்போது இறங்கும், எப்போது சுருட்டுவார் எல்லாம். ரத்து விதியையும் எழுதி அனுப்பினார். முழு நாளுக்கு எங்களால் முடியாது என்றதும், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் ஆறு பேருக்கு அனுமதி இருக்கிறது, பங்கு பிரியும் என்று அவரே வழி சொன்னார். என் தம்பியும் அவன் நண்பனும் வருகிறார்கள். மயில்மீனை விடுவதுதான் அவர் வழக்கமாம், இரைமீனுக்கு சர்க்கிள் முள் மட்டும்தானாம். சொந்த ராட் கொண்டு போகலாமா?

நெடுநரம்பு:
டிரோலிங்குக்கு அவர்களுடையதே போதும், அந்த அளவு ரீல் உங்களிடம் இருக்காது. பாப்பரும், ஆழத்தில் இறக்கி ஆட்டும் ஜிக் என்ற இரையும் வீசுவதற்கு ஒரு ஸ்பின்னிங் செட் மட்டும் கொண்டு போங்கள், சூரைக் கூட்டம் மேலே வந்தால் கேப்டனிடம் கேட்டுவிட்டு வீசலாம். விரிந்து கிடக்கிற லூர்களுக்குக் குறுக்கே வீசிவிடாதீர்கள்.

பழைய சுக்கான்:
வழுக்காத, டெக்கில் கருப்புக் கறை விடாத செருப்பு. போலராய்ஸ்டு கண்ணாடி, லூருக்குப் பின்னால் வருகிற மீனை அது இல்லாமல் பார்க்கவே முடியாது. முழுக்கைச் சட்டை. பை மெத்தென்ற துணிப்பையாக இருக்கட்டும், சக்கரப் பெட்டி வேண்டாம். ஆறு பேராகிவிட்டதால் ராட் வரிசையைச் சீட்டுப் போட்டு எழுதிக்கொண்டு போங்கள், மீன் தப்பினாலும் முறை முடிந்ததாகக் கணக்கா இல்லையா என்பதையும் சேர்த்து.

வெள்ளாப்பு:
தப்பினால் முறை முடிந்தது என்று என் தம்பி, இல்லை என்று அவன் நண்பன். இன்று ராத்திரி பேசி முடித்துவிடுகிறோம்.